பெற்றோல் குழாய்க்குக் கற்பூரம்

எண்ணெய்க் கிணறு ஒன்றுகூட இல்லாத நாட்டில் எண்ணெய்க் குழாய்ப் பொறியியல் படித்தவன் நான். சிரிக்காதீர்கள், அரசாங்கமே செலவழித்துப் படிப்பித்தது. அறுபதுகளில் பெற்றோல் வியாபாரம் அரசின் கைக்கு வந்த சூட்டோடு, எங்களைப் போல நாலைந்து இளம் பொறியியலாளர்களைப் பிடித்து வவுனியாவில் பயிற்சிக்குப் போட்டார்கள்.

பயிற்சிக்கென்று இருந்த குழாயோ, எண்ணெய் ரயில் வந்து நிற்கும் இடத்திலிருந்து எண்ணெய் சேமிக்கும் தாங்கி வரைக்கும்தான். ஒரு சுருட்டு எரிந்து முடிவதற்குள் நடந்து முடித்துவிடலாம். அதைத்தான் ஒவ்வொரு காலையும் தொப்பி போட்டுக்கொண்டு, 'குழாய்வழிப் பரிசோதனை' என்று பெருமையாக நடந்து பார்த்தோம். பாடப்புத்தகம் பனி பெய்கிற தேசத்தில் எழுதியது. குழாய்க்குள் எண்ணெய் உறைந்தால் என்ன செய்வது என்று அதில் ஒரு அத்தியாயமே இருந்தது. வெளியே எங்கள் குழாயின் மேல் அப்பளம் பொரிக்கலாம்.

தீத்தடுப்புப் பாடத்தை மட்டும் பெரிய அதிகாரி தானே எடுத்தார். பெற்றோல் ஆவி கண்ணுக்குத் தெரியாது, நிலத்தோடு தவழ்ந்துபோய் நெருப்பைத் தேடிப் பிடிக்கும் என்பார். சப்பாத்து ஆணியில் பொறி பறக்கும் என்று என் சப்பாத்தைக் கழற்ற வைத்த மனிதர் அவர். கொதிக்கிற தரையில் நான் துள்ளித் துள்ளி நடந்தேன்.

பிறகு புதுப் பம்பு வந்தது. பிரதம விருந்தினரை அழைத்து, சபை கூட்டி அதைத் தொடக்கிவைக்கும் நாளே எங்கள் செய்முறைப் பரீட்சை. வால்வைத் திறக்கும் பொறுப்பு எனக்கு. சரியாகச் செய்தால் வேலை நிரந்தரம். அப்பா காலமான பிறகு கிளிநொச்சிக் குடியேற்றத் திட்டத்தில் கிடைத்த வயலோடு தனியாக மாரடித்துக்கொண்டிருந்த அம்மா, அந்த ஒரு சொல்லுக்காகத்தான் காத்திருந்தார்.

அன்று முதல் பஸ்ஸிலேயே அம்மா பூசைத் தட்டோடு வந்து இறங்கிவிட்டார். எங்கள் குடியேற்றத்தில் புது உழவு இயந்திரம் வந்தாலும் சந்தனம் பூசி, தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டாமல் ஒருவரும் தொடமாட்டார்கள். மகன் திறக்கும் குழாயைச் சும்மா விடுவாரா? வாசலில் காவலாளி அவருடைய நெருப்புப்பெட்டியைப் பறித்துவிட்டான். அதிகாரியே அதை வாங்கித் திருப்பிக் கொடுத்தார்.

"சாமிக் காரியம்தானே, பரவாயில்லை. நீங்களே வால்வுக்குப் பக்கத்திலை வைச்சுக் கொளுத்துங்கோ அம்மா."

நான் குனிந்து பார்த்தேன். வால்வின் மூட்டிலிருந்து பெற்றோல் சொட்டிக்கொண்டிருந்தது. கூடப் படித்தவர்களும் கண்டுவிட்டார்கள். தீத்தடுப்பு மணல் வாளிகளைப் பிடித்துக்கொண்டு, வாயே திறக்காமல் நின்றார்கள்.

"சேர், மூட்டு ஒழுகுது. கொளுத்த விடாதேங்கோ."

"பெரிய ஆக்கள் வந்திருக்கினம், நல்ல நேரமும் முடியப்போகுது. நீர் சும்மா நில்லும்."

அம்மா குச்சியைக் கையில் எடுத்துவிட்டார். இனி என்னத்தைப் பார்க்கிறது! பாய்ந்து பெட்டியைப் பறித்தேன். தட்டு கவிழ்ந்தது. தேங்காய் உருண்டுபோய்ப் பிரதம விருந்தினரின் காலடியில் நின்றது. "சிவ சிவா!" என்று சபையே எழுந்துவிட்டது.

அதிகாரி என்னை ஓரமாகக் கூட்டிப்போனார். "வந்த ஆக்களைப் பயப்படுத்திப்போட்டீர். தீத்தடுப்பிலை நீர் பெயில். நாளைக்கு வரத் தேவையில்லை." பிறகு ஆளை விட்டு மூட்டைச் சத்தமில்லாமல் இறுக்குவித்தார். வால்வை வேறொருவன் திறந்தான். வாளி பிடித்து நின்ற எல்லாருக்கும் வேலை நிரந்தரமாயிற்று.

அம்மாவோடு ஊருக்குத் திரும்பும் பஸ் மாங்குளம் தாண்டியது.

"ஒருக்கா வெடிச்சிருந்தாலாவது நீ சொன்னது சரியெண்டு நம்பியிருப்பாங்கள்," என்றார் அம்மா.

"வெடிச்சிருந்தா நாங்கள் ரெண்டு பேரும் இந்த பஸ்ஸிலை இருக்கமாட்டம், அம்மா."

அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு அது உறைத்தது. என் கையைப் பிடித்தவர், கிளிநொச்சியில் இறங்கும்வரை விடவேயில்லை.