மில் வாயில் கைவைத்த குப்பம்மா அக்கா

போளூர் பேருந்து நிலையத்தில், மலையிலிருந்து வந்து இறங்கிய தெரிந்தவர் ஒருவர்தான் சொன்னார்: "குப்பம்மாக்கா போய்ட்டாங்க. நேத்தே அடக்கம் பண்ணிட்டோம்." அங்கேயே அழுதேன். அழுது ஓய்ந்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவோடு பழகியவர்களுக்கு அது புரியும்.

எழுபதுகளின் கடைசியில் ஜவ்வாது மலையில் சாமை உடைக்கும் மில் ஒன்றில் நாங்கள் இருவரும் வேலை செய்தோம். ஒரு வீட்டுச் சாமையில் ஒரு பிடிகூட மில்லுக்குள் தங்கி அடுத்த வீட்டுச் சாமையோடு கலக்கக் கூடாது, கலந்தால் விளைச்சல் போய்விடும் என்பது அங்குள்ளவர்கள் நம்பிக்கை. டீசல் எஞ்சினை நிறுத்தினால் கைப்பிடி சுற்றி மறுபடி கிளப்புவது பெரும்பாடு. அதனால் உள்ளே உருளை ஓட ஓடவே, சாமை கொட்டும் வாய்க்குள் கைவிட்டுக் கடைசிப் பிடியை வழித்தெடுப்போம். அப்படி வழிக்கும்போதுதான் அக்காவின் வலக்கையில் இரண்டு விரல்கள் போயின.

முதலாளி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் திரும்பும் வழியில், "பாத்து வழிக்கணும்மா" என்றாராம். அக்காவுக்கு வந்ததே கோபம். "நான் பாத்துதாங்க வழிச்சேன். உங்க மிஷினுக்குத்தான் கண்ணு இல்ல."

கட்டுப் பிரித்து வேலைக்கு வந்த அன்று, எஞ்சின் கிளம்புமுன்பே இடக்கையை மில் வாய்க்குள் விட்டுக்கொண்டு நின்றுவிட்டார். "இப்ப ஓட்டுங்க, பாக்கலாம்." வாய்க்குக் கம்பி வலை வேண்டும், கடைசிப் பிடி எடுக்க எஞ்சினை நிறுத்த வேண்டும். அவ்வளவுதான் கேட்டார்.

"இன்னா குப்பம்மா, வெளையாட்றியா? இத்தினி பேரு காத்துனு கெடக்கறாங்க!"

"அவங்களையே கேளுங்க."

சாமை மூட்டையோடு காத்திருந்த பெண்கள் சலித்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள் என்று முதலாளி நம்பினார். அக்காவுக்குக் கை கடுத்தபோது, வரிசையில் முதலில் நின்றவள் மூட்டையை இறக்கினாள். "நீ குந்துக்கா, நான் வெக்கிறேன்" என்று தன் கையை உள்ளே விட்டாள். அவளுக்குப் பின் இன்னொருத்தி, பிறகு நான். பொழுது சாயும்வரை ஒரு மணிச் சாமைகூட உடையவில்லை. கடைசியில் முதலாளி தலையில் அடித்துக்கொண்டு போளூருக்கு ஆள் அனுப்பினார். வலை வந்து பொருத்திய பிறகுதான் எஞ்சின் ஓடியது.

ஒவ்வொரு வீட்டுக்கும் நிறுத்தி நிறுத்திக் கைப்பிடி சுற்றியதில் முதலாளிக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. அக்காவே தைலம் கொண்டுவந்து கொடுத்தார். "பாத்து சுத்தணுங்க" என்றார். எங்களால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பிறகு பல வருடம் அதே மில்லில் இருந்தேன். கல்யாணமாகிக் கீழே வந்தேன், பிள்ளைகளுக்குத் தலை பின்னினேன், பூக் கட்டினேன். அக்காவின் நினைவாக என்ன வைத்திருக்கிறாய் என்று யாராவது கேட்டால் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டுவேன். பத்து விரலும் இருக்கின்றன.