புதன்கிழமை பின்னிரவு நாலே கால்

என் தங்கை பிறந்த நேரம் அப்பாவின் உரக்கடை நோட்டில் ஒரே வரியாக இருந்தது: 'புதன்கிழமை பின்னிரவு நாலே கால்.' பக்கத்தில் அந்தப் புதன்கிழமையின் தமிழ்த் தேதியும் ஆங்கிலத் தேதியும்.

எழுபதுகளின் நடுவில் நான் சென்னையில் ஓர் அலுவலகத்தின் கம்ப்யூட்டர் அறையில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். சனிக்கிழமைதோறும் காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வருவேன். அந்த அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும் என்று ஒருமுறை வீட்டில் சொன்னதிலிருந்து, தங்கை அதை 'உன் கோயில்' என்றாள்.

மதிய இடைவேளையில் இயந்திரம் சும்மா இருக்கும். அந்த நேரத்தில், விளையாட்டாக, ஜாதகம் கணிக்க ஒரு புரோகிராம் எழுதினேன். பிறந்த தேதியையும் மணியையும் அட்டையில் துளைகளாகக் குத்திக் கொடுத்தால் நட்சத்திரமும் ராசியும் கிரகநிலையும், ஓரங்களில் வரிசையாக ஓட்டை போட்ட அகலத் தாளில் ஆங்கில எழுத்தில் அச்சாகி வரும். ஜோசியர் இரண்டு நாள் எடுத்துக்கொள்ளும் கணக்கு சில நிமிடங்களில் முடிந்தது. ஜாதகமே எழுதாமல் விட்டிருந்த நெசவாளர் வீடுகளிலிருந்து துண்டுச் சீட்டோடு வந்தார்கள். தாளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. இன்று பேசும் இயந்திரங்களைப் பற்றி யாராவது வியந்து சொன்னால் அந்தக் கைகள்தான் நினைவுக்கு வருகின்றன. அதற்குப் பிறகு நடந்ததும்.

தங்கைக்கு வாலாஜாபாத்திலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளையின் அப்பா கணக்கு வாத்தியார். பழைய ஜாதகம் வேண்டாம், மெஷின் ஜாதகமே கொடுங்கள் என்றார். "ஜோசியருக்குத் தூக்கம் வரும். மெஷினுக்கு ஏது தூக்கம்?" அதுவரை வந்த இடங்களைத் தட்டிக் கழித்த தங்கை, பையனைப் பார்த்துப் பேசிய பிறகு இதற்குத்தான் சரி என்றிருந்தாள்.

பழைய ஜாதகத்தில் உத்திராடம். இயந்திரம் அதற்கு முந்தைய நட்சத்திரமான பூராடத்தை அச்சிட்டது. பூராடத்தில் பிறந்த பெண்ணுக்குத் தாலி நிலைக்காது என்று எங்கள் பக்கம் ஒரு பேச்சு உண்டு. நான் அதை நம்பாதவன். ஜோசியர்தான் தப்புச் செய்திருப்பார் என்று முடிவு கட்டினேன். தாளை மறைப்பது மூடநம்பிக்கைக்குப் பணிவது என்றும் தோன்றியது. கொண்டுவந்து வாத்தியாரிடமே கொடுத்தேன்.

அவர் இரண்டு முறை படித்தார். "மெஷின் தப்பு பண்ணுமா தம்பி?"

"பண்ணாதுங்க."

காப்பியை முழுதும் குடித்தார். "கலந்து பேசிட்டு சொல்றோம்மா" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனதும் தங்கை தாளைக் கையில் எடுத்தாள். "மெஷினுக்கு என்னிக்குன்னு குடுத்த?"

"நோட்டுல இருக்கிறதுதான். புதன்கிழமை தேதி, காலையில நாலே கால்."

"அம்மா, நான் பொறந்தப்போ விடிஞ்சிடுச்சா?"

"எங்கடி விடிஞ்சிது? கும்மிருட்டு. உங்கப்பா லாந்தர எடுத்துக்கினு மருத்துவச்சிய கூப்பிடப் போனாரு. விடிஞ்சாதானே வியாழன்!"

எங்கள் வீட்டில் நாள் சூரியனோடு பிறந்தது. என் இயந்திரத்தில் நள்ளிரவோடு பிறந்தது. அவள் பிறந்தபோது ஆங்கிலக் கணக்குக்கு வியாழக்கிழமை ஆகிவிட்டிருந்தது. நான் ஒரு முழு நாள் முன்னதாகக் கொடுத்திருந்தேன். சந்திரன் ஒரு நாளில் ஏறக்குறைய ஒரு நட்சத்திரம் நகரும். அதற்குமுன் நான் சரிபார்த்த ஜாதகங்கள் எல்லாம் பகலில் பிறந்தவர்களுடையவை.

"மெஷினுக்குத் தெரியாது, சரி" என்றாள் தங்கை. "இந்த வீட்லதானே வளர்ந்த? உனக்குமா தெரியாது?"

அடுத்த சனிக்கிழமை, பழைய தாளையும் சரியான தேதியில் எடுத்த புதுத் தாளையும் எடுத்துக்கொண்டு வாலாஜாபாத் போனேன். புதியதில் உத்திராடம் இருந்தது. தப்பு என்னுடையது என்று விளக்கினேன். வாத்தியார் குறுக்கிடாமல் கேட்டார். இரண்டு தாள்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"கணக்கு புரியுது தம்பி. நீங்க சொல்றது சரியாவே இருக்கலாம். ஆனா போன வாரம் மெஷின் தப்பு பண்ணாதுன்னீங்க. இது வேற வீட்டுப் பொண்ணா இருந்தா, இந்த ரெண்டாவது காயிதம் வந்திருக்குமா?"

தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து என்னிடமே திருப்பித் தந்தார். அந்தச் சம்பந்தம் அத்தோடு முடிந்தது.

வீட்டு வாசலில் பக்கத்து வீட்டு நெசவாளர் பிடித்துக்கொண்டார். அவருடைய தறியும் துளை போட்ட அட்டையில்தான் ஓடியது. "என்னாப்பா, ஓட்டை மாறிப்போச்சாமே? எங்க அட்டையில ஒரு ஓட்டை மாறுனா மயிலு நொண்டும். புடவைய விரிச்ச ஒடனே தெரிஞ்சிடும். உன் காயிதத்துல மயிலு எப்படி நொண்டும்னு கண்டுபிடிக்கிறது?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜாதகம் போடுவதை நிறுத்தப்போவதாக அப்பாவிடம் சொன்னேன். "நிறுத்துனா என்ன பேசுவாங்க? தங்கச்சிக்கு கெட்ட நட்சத்திரம் வந்துச்சு, மெஷினை மூடிட்டான்னுவாங்க. அந்தப் பூராடம் அப்படியே நின்னுடும்பா." அவர் சொன்னது சரி. புரோகிராமில் ஒரு கேள்வி மட்டும் சேர்த்தேன்: பிறப்பு சூரிய உதயத்துக்கு முன்பா? சீட்டுகள் முன்னைவிட அதிகமாக வந்தன. ஒவ்வொன்றையும் வாங்கும்போது, இதில் நான் கேட்கத் தெரியாத இன்னொரு கேள்வி இருக்கிறது என்றே தோன்றும்.

மறு வருடம் திருப்புட்குழியிலிருந்து ஒரு குடும்பம் பெண் பார்க்க வந்தது. அவர்களும் மெஷின் ஜாதகம்தான் கேட்டார்கள். உத்திராடத் தாளைத் தாம்பாளத்தில் வைத்தோம். அவர்கள் தேதியைப் பார்க்கவில்லை, மணியைப் பார்க்கவில்லை. மாப்பிள்ளையின் அப்பா தாளின் ஓரத்தில் இருந்த ஓட்டைகளை விரலால் தடவிப் பார்த்தார்.

"இது தப்பு பண்ணாதில்ல தம்பி?"

அப்பா என்னைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாள். உள்கதவருகே நின்ற தங்கை மட்டும் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பண்ணாதுங்க" என்றேன்.