சம்பந்திக்கு முன்னால் விழாமல் இருக்க

2007 நவம்பர், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், ஜெர்மனியின் வடபக்கத்துப் பீலெஃபெல்டிலிருந்து மலைக்குப் புறப்பட்டோம். சறுக்குப் பலகைகள் காருக்குள் அடங்கவில்லை. பின் கதவில் தொடங்கி, அருளப்பு அண்ணைக்கும் எனக்கும் நடுவால் வந்து, முன் கண்ணாடியில் முட்டிக்கொண்டு நின்றன. கியர் மாற்றும் ஒவ்வொரு முறையும் அண்ணையின் முழங்கை பலகையில் இடித்தது. பின் இருக்கை முழுக்க, அண்ணையின் மனைவி பிலோமினா அக்கா கட்டித் தந்த சோற்றுப் பொதியும், மீன் கட்லட்டும், இரண்டு பிளாஸ்கில் தேத்தண்ணியும். மலையில் எங்களுக்கு என்ன நடந்தாலும் பசியால் நடக்காது என்பதில் அக்கா உறுதியாக இருந்தார்.

பீலெஃபெல்டிலிருந்து மியூனிக் அறுநூறு கிலோமீற்றர். அங்கிருந்து மலையடிவாரம் இன்னும் தொண்ணூறு. ஐம்பத்திரண்டு வயதில் அருளப்பு அண்ணை அவ்வளவு தூரம் போனது பனிச்சறுக்குப் படிக்க. ஆசைப்பட்டு அல்ல, வேறு வழி இல்லாமல்.

அவருடைய மகள் ஜெனிற்றா மியூனிக்குக்குப் பக்கத்தில் கார்ஹிங் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். கூடப் படிக்கும் மார்ட்டின் என்ற பையனைக் கட்டப்போவதாகச் சொன்னாள். பவேரியாப் பையன், மலைப்பக்கத்துக் கிராமம். சம்மதிக்க அண்ணைக்கு ஏழு மாதம் பிடித்தது. பையனும் கத்தோலிக்கன் என்பதில் ஓரளவு ஆறி, பிறகு முழுதாக ஆறினார். அக்டோபரில் பையனின் தகப்பன் ஹூபர் முதன்முறையாகப் போன் எடுத்தார். டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்குக் குடும்பமாக வாருங்கள், எல்லோரும் மலைக்குப் போவோம் என்றார். போகிற போக்கில், பனிச்சறுக்குத் தெரியுமா என்றும் கேட்டார்.

"ஓம், ஓம். இருபது வருஷமா ஜெர்மனியிலதானே இருக்கிறம்" என்று அண்ணை சொல்லிவிட்டார்.

போனை வைத்ததும் அகப்பையும் கையுமாக நின்ற அக்கா, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டாராம். அண்ணை திருப்பிக் கேட்டாராம்: "சம்பந்தி முதல் கேட்ட கேள்விக்கே இல்லை எண்டு சொல்லுறதோ?"

இதில் அவரைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் ஆட்கள் இந்த நாட்டில் பிழைத்த முறையே இதுதான். வேலை தெரியுமா என்று கேட்டால் ஓம் என்பது, பிறகு படிப்பது. அலுமாரித் தொழிற்சாலையில் சாமான் தூக்கும் வண்டி ஓட்டத் தெரியுமா என்று அண்ணையைக் கேட்டார்கள். ஓம் என்றார். ஒரு சுவரை இடித்தார். இன்றைக்கு அந்தப் பகுதியில் அவரைவிட நல்ல ஓட்டுநர் இல்லை. நானும் ஓம் சொல்லித்தான் பீட்சா சுட்டேன், கூரை வேய்ந்தேன், விமான நிலையத்தில் பெட்டி ஏற்றினேன். அப்போது பிராங்பேர்ட்டில் ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் இடையில் இருந்தேன். என் காலத்தில் பெரும்பகுதி அந்த இடையில்தான் போயிருக்கிறது. அதனால் துணைக்கு அகப்பட்டு, பீலெஃபெல்டுக்கு வந்தேன்.

துணைக்கு என்றால் வெறும் துணை இல்லை. அண்ணையின் கணக்கில் நான் பனி நிபுணன். "பனியில நடந்தனி நீதானே யோகன்" என்றார். எண்பதுகளில் இன்னும் எட்டுப் பேருடன், முழங்கால் ஆழப் பனிக்குள்ளால் காட்டு வழியே எல்லை கடந்து வந்தவன் நான். காலில் துணிச் சப்பாத்து. இடது காலில் இரண்டு விரலுக்கு இன்னமும் உணர்ச்சி இல்லை. இது மலை அனுபவமாக எடுத்துக்கொள்ளப்பட்டது.

திட்டத்தின் மூளை சரவணன். திருச்சிப் பையன், கார்ஹிங்கில் ஆராய்ச்சி மாணவன். வார இறுதி ரயில் டிக்கெட் ஒன்றை ஐந்து பேர் பங்குபோட்டுப் போகலாம் அல்லவா, அப்படிப் பிராங்பேர்ட் நிலையத்தில் ஆள் தேடிக்கொண்டிருந்தபோது பழக்கமானவன். நவம்பரில் எங்கே சறுக்கலாம் என்று போனில் கேட்டேன்.

"அண்ணே, இந்த சீசன்ல ஸ்னோ கேரண்டின்னா க்ளேசியர் மட்டும்தான். ஜெர்மனில அதுக்கு ஒரே ஆப்ஷன், ட்சுக்ஸ்பிட்ச, இங்க இருக்கிறதிலேயே உசரமான மலை. நான் ப்ளான் அனுப்புறேன்."

அனுப்பினான், நான்கு பக்கம். பனியின் ஆழம், காற்றின் வேகம், சரிவில் ஆளை மேலே இழுத்துவிடும் லிஃப்ட்டில் எது ஓடுகிறது, எந்த ரயில் தவறினால் அடுத்தது எது என்று எல்லாம் இருந்தது. அண்ணை நான்கு பக்கத்தையும் பார்த்துவிட்டு, எங்கே நிறுத்துவது என்று மட்டும் இதில் இல்லையே என்றார். காரைச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் சொன்னது சறுக்கும் ஆளை.

பலகை வாங்கும் பொறுப்பு எங்களுடையது. பீலெஃபெல்டில் சனிக்கிழமைகளில் ஒரு கார் தரிப்பிடத்தில் பழைய சாமான் சந்தை கூடும். அங்கே இரண்டு வகைப் பலகை இருந்தது. ஒன்று அகலம், பாரம், விலை கூட. மற்றது நீளம், ஒல்லி, ஒரு கையால் தூக்கலாம், விலையும் பாதி. பாரம் குறைந்தது மலையேற லேசு என்று அண்ணை சொன்னார். சப்பாத்தைப் பூட்டிப் பார்த்தோம். முன்பக்கம் மட்டும் பூட்டியது, குதிக்கால் சும்மா எழும்பியது. செருப்புப்போல வசதியாக இருக்கிறது என்று நானும் ஒத்துக்கொண்டேன். பனி நிபுணன் ஒத்துக்கொண்டால் பிறகென்ன, இரண்டு சோடி வாங்கினோம்.

வெள்ளி இரவு கார்ஹிங்கில் சரவணனின் மாணவர் விடுதி அறையில் படுத்தோம். அறைக்கு மூன்று பேரும் அளவாக இருந்தோம், பலகைகள்தான் கூடிப்போயின. இதில் இன்னொரு சிக்கல், ஜெனிற்றாவின் விடுதி இரண்டு தெரு தள்ளி இருந்தது. தகப்பன் ரகசியமாகச் சறுக்கப் படிக்க வந்திருப்பது மகளுக்குத் தெரியக்கூடாது.

சனி காலை ஆறரைக்குச் சுரங்க ரயிலுக்குப் போனோம். சரவணன் ஐம்பது மீற்றர் முன்னால் நடந்து, ஜெனிற்றா இல்லை, பயமில்லை என்று கையைக் காட்டுவான், நாங்கள் நகர்வோம். எல்லை கடந்தபோது காசு வாங்கிக் கூட்டிவந்த ஏஜென்சிக்காரனும் இப்படித்தான் கை காட்டினான். ஆனால் அன்றைக்கு என் தோளில் இரண்டு மீற்றர் நீளத்தில் மஞ்சள் பலகை இல்லை.

மியூனிக்கிலிருந்து கார்மிஷுக்குப் பவேரியா டிக்கெட், மூன்று பேருக்கும் சேர்த்து இருபத்தேழு யூரோ, ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். பெட்டி நிறைய சறுக்கப் போகிறவர்கள். எதிரே இருந்த கிழவர் எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். மலை உச்சிப் பனியாற்றுக்கு என்றேன். பலகைகளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், திரும்பவும் பலகைகளைப் பார்த்தார். பிறகு எழுந்து எங்கள் இருவருக்கும் கை கொடுத்தார். இந்தப் பகுதி ஆட்கள் மரியாதை தெரிந்தவர்கள் என்று அண்ணை சொன்னார்.

கார்மிஷிலிருந்து பல்சக்கர ரயில். ஏரி ஒன்றைத் தாண்டி, கடைசியில் மலையின் வயிற்றுக்குள் நுழைந்து, இருட்டுக்குள்ளாலே ஏறுகிறது. அண்ணை செபமாலையை எடுத்தார். காது அடைத்தது. மடியில் இருந்த கட்லட் டப்பாவின் மூடி தானாகவே 'டப்' என்று திறந்தது. பெட்டி முழுக்க மீன் கட்லட் வாசம். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மேலே வந்து கதவைத் தாண்டினால் கண் கூசுகிறது. கடல் மட்டத்திலிருந்து இரண்டாயிரத்து அறுநூறு மீற்றர். பெரிய தாச்சிச் சட்டி ஒன்றை வெள்ளையால் பூசி, சுற்றிவரக் கல் விளிம்பு வைத்ததுபோல இருக்கிறது. அங்கே சின்னதாக ஒரு மாதா கோயில் உண்டு. அண்ணை நேரே அதற்குள் போய்விட்டார். வெளியே வந்தபோது முகம் தெளிந்திருந்தது. லிஃப்ட்வரை அந்தத் தெளிவு இருந்தது.

லிஃப்ட்டில் நின்ற பெண், சிரிக்காமல், எங்களை ஓரமாகக் கூப்பிட்டாள். இந்தப் பலகைகள் சமநிலத்தில் நடந்து போவதற்கானவை, மலையிலிருந்து இறங்க உதவாது என்று பொறுமையாக விளக்கினாள். சரவணன் தலையில் கை வைத்தான். அவனுக்கும் அது தெரியாமல் இல்லை. இரவு மின்குமிழ் போடாமல் படுத்து, விடிய ஜெனிற்றா வருகிறாளா என்று பார்த்து நடந்து, ரயில் முழுக்கத் தூங்கி வந்ததில் அவன் பலகையைக் கவனிக்கவில்லை.

"சமநிலத்துக்காமோ? அப்ப யாழ்ப்பாணத்துக்குத்தான் சரி" என்றார் அண்ணை.

வாடகைக் கடையில் சரியான பலகை எடுத்தோம். அந்தச் சப்பாத்து சீமெந்துக்குள் காலை விட்டதுபோல. போட்ட பிறகு மனிதன் நடப்பதில்லை, இடம் பெயர்கிறான். சரவணன் பல்கலைக்கழகத்தில் ஒரு வாரப் பயிற்சி எடுத்தவன். பிள்ளைகள் பழகும் சரிவில் எங்களை நிறுத்திச் சொன்னான்: "ரொம்ப சிம்பிள் அங்கிள். முன்பக்கம் ரெண்டையும் சேர்த்து, பின்னாடி விரிச்சு வைங்க. பீட்சா ஸ்லைஸ் மாதிரி. பீட்சா வச்சா ஸ்டாப் ஆயிடும்."

ஒன்பது வருடம் பீட்சா சுட்டவன் நான். கையால் எந்த வடிவமும் வரும், காலால் வரவில்லை. நான் மெதுவாக, மிகவும் மெதுவாக, பின்பக்கமாக இறங்கிப் போய் ஒரு பனிமேட்டில் உட்கார்ந்தேன். அண்ணை புறப்பட்டார். முழங்கால் மடங்கவில்லை, கை அசையவில்லை, கோயில் ஊர்வலத்தில் சொரூபம் போவதுபோல நேராகப் போனார். பாலர் பாடசாலை வயதுப் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். ஆசிரியை ஏதோ கத்த, வரிசை இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. அண்ணை நடுவால் போகும்போது, பழக்க தோஷத்தில், நன்றி என்றார். அதற்குப் பிறகு செம்மஞ்சள் வலை அவரைப் பிடித்தது.

இரண்டரை மணி நேரம் இப்படிப் போனது. வலையிலிருந்து அவரைக் கழற்றுவதில் நானும் சரவணனும் கைதேர்ந்தோம். ஐந்தாறு வயதுச் சிறுமி ஒருத்தி எங்களைச் சுற்றிச் சுற்றிச் சறுக்கி, எப்படி எழும்ப வேண்டும் என்று செய்தே காட்டினாள். கடைசி முறை விழுந்தபோது அண்ணை எழும்ப முயலவில்லை. பனியில் இருந்தபடியே கையுறையைக் கழற்றினார்.

"நான் விழுறதைப்பற்றி இல்லை யோகன். சம்பந்தியாக்களுக்கு முன்னால விழேக்க பிள்ளை பாத்துக்கொண்டு நிப்பாள். அப்பா பொய் சொன்னவர் எண்டு அவளுக்குத் தெரியவரும்."

பசிக்கிறது என்றேன்.

கடைக்குள் சொந்தச் சாப்பாடு சாப்பிட விடமாட்டார்கள். வெளியே, காற்றுப் படாத பக்கம், ஒரு மரமேசை காலியாக இருந்தது. சோற்றுப் பொதியைப் பிரித்தோம். சோறு உறைந்து கல்லாகிவிட்டது. கத்தரிக்காய்க் குழம்பு ஐஸ்கிறீம்போல வெட்டி எடுக்கும் பதத்தில் இருந்தது. கட்லட் மட்டும் தப்பியது. சாப்பிட்டு முடித்ததும் அண்ணை சட்டைப்பையிலிருந்து சீட்டுக்கட்டை எடுத்தார். பீலெஃபெல்டில் ஞாயிறு பூசை முடிந்தால் முந்நூற்றி நாலு விளையாடாமல் அவர் வீட்டுக்குப் போனதில்லை. நான்கு பேர் ஆடும் ஆட்டம். மூன்று பேரானால் கொஞ்சம் மாற்றி ஆடலாம். சரவணன், இது எங்க ஊர் இருபத்தெட்டு மாதிரியே இருக்கே என்று சொல்லி ஒட்டிக்கொண்டான்.

துரும்புச் சீட்டு கிடைத்ததும் அண்ணைக்கு உயிர் வந்தது. சீட்டை அவர் வைப்பதில்லை, அடிப்பார். மேசையில் அடித்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. எடுத்துப் பார்த்து, நிறம் மாறி, "சம்பந்தி" என்றார்.

நத்தாருக்கு எத்தனை பேர் வருகிறீர்கள், சறுக்குச் சப்பாத்து அளவு என்ன என்று கேட்கத்தான் ஹூபர் எடுத்திருந்தார். காற்று இரைந்தது. பின்னால் ஒலிபெருக்கியில் லிஃப்ட் அறிவிப்பு. எங்கே நிற்கிறீர்கள் என்று அவர் கேட்டார். அண்ணை என்னைப் பார்த்தார். நான் கட்லட் டப்பாவைப் பார்த்தேன்.

பிறகு அண்ணை, தொழிற்சாலையில் படித்த ஜெர்மனில், ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னார். எனக்குச் சறுக்கத் தெரியாது. தெரியும் என்று சொன்னது பொய். படிக்கத்தான் உங்கள் மலைக்கு வந்தேன். காலையிலிருந்து வலைக்குள் கிடந்தேன். இனிப் படிக்கவும் ஏலாது.

அண்ணை போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கண்ணை மூடினார். சரவணன் கையிலிருந்த சீட்டுகளைக் குப்புற வைத்தான். பிறகு போனுக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு வந்தது. மேசைக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்டது.

ஹூபர் சொன்னதை அண்ணை பிறகுதான் எங்களுக்குச் சொன்னார். அவருக்கு இரண்டு முழங்காலும் வெட்டிச் சரிசெய்தவை, சறுக்குவதை விட்டுக் காலமாகிவிட்டது. வெளியூர் ஆட்கள் மலைக்கு வந்தால் சறுக்க விரும்புவார்கள் என்று மரியாதைக்குக் கேட்டாராம். இளசுகள் சறுக்கும், பெரியவர்கள் குடிலுக்குள் அடுப்படியில் இருந்து விடுவார்களாம். இவ்வளவும் முடிந்து வாழ்த்துச் சொல்லி வைக்கப்போகிற நேரத்தில், இதுவரை நீங்கள் மேலே என்ன செய்துகொண்டிருந்தீர்கள், யாரோ மேசையில் அடிக்கிற சத்தம் கேட்டதே என்று அவர் கேட்டாராம். சீட்டு என்றாராம் அண்ணை. அதற்குப் பிறகு அவர்கள் நெடுநேரம் பேசினார்கள். அண்ணை எழுந்து நடந்து நடந்து பேசினார். சிரித்தார். "ஓம்" என்பதை ஜெர்மனில் பலமுறை சொன்னார்.

மூன்று மணிக்குப் பல்சக்கர ரயிலில் இறங்கினோம். ஒருவழியாகப் பனியை விட்டுப் போகிறோம் என்று இருந்தது. முன்பு ஒருமுறை பனியைக் கடக்க ஏஜென்சிக்குக் காசு கொடுத்தேன். இன்றைக்குப் பனியில் விழ லிஃப்ட்டுக்குக் காசு கொடுத்தேன். அன்றைக்கு விழுந்தால் யாரும் நிற்கமாட்டார்கள் என்பது ஏற்பாடு. இன்றைக்கு ஒரு சிறுமி வந்து எழும்பக் காட்டித் தந்தாள். விரல் இரண்டும் எப்போதும்போல ஒன்றும் உணரவில்லை. ஒல்லிப் பலகைகளைச் சரவணனிடமே விட்டுவிட முடிவானது. அறையில் உடுப்புக் காயப்போட அவனுக்குக் கம்பி இல்லை.

அக்கா போனில் கூப்பிட்டு, படிச்சாச்சோ என்று கேட்டார். எல்லாம் சரி, சம்பந்தியோடு கதைத்துத் தீர்த்தாச்சு என்று அண்ணை சொல்லி வைத்தார். சுரங்கம் முடிந்து ஏரி தெரிந்தபோது அவர் சரவணனின் பக்கம் சரிந்து உட்கார்ந்தார்.

"தம்பி, இவையளுக்கு ஆட்டுத்தலை எண்டு ஒரு சீட்டு விளையாட்டு இருக்காம். பவேரியாவில மட்டும்தான் விளையாடுறவையாம். அதின்ர சட்டதிட்டம் எல்லாத்தையும் எனக்குக் கொஞ்சம் எடுத்துத் தாங்கோ."

எதற்கு என்று நான் கேட்டேன்.

"அவையின்ர செட்டில நாலாவது ஆள் ஸ்பெயினுக்குப் போயிட்டாராம். நத்தாருக்கு ஆள் இல்லையாம். எனக்கு அது தெரியுமோ எண்டு கேட்டவர்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

அண்ணை கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். "நத்தாருக்கு இன்னும் ஐஞ்சு கிழமை கிடக்குத்தானே" என்றார்.