கோமதியின் மூன்று மதிப்பெண்

கணக்குத் தாளைத் திருத்துகிறவருக்குத் தலைவலி வரும். ‘உலகப் புரிதல்’ தாளைத் திருத்துகிறவருக்குத் தன் தலை மீதே சந்தேகம் வந்துவிடும். சிவப்பு மையில் விரல் நனைத்த சக பாவிகளே, உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நான் காஞ்சிபுரத்தில் ஒரு பள்ளியில் சமூக அறிவியல் டீச்சர். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உலகப் பிரச்சினைகளும் பிற பண்பாடுகளும் எவ்வளவு புரிந்திருக்கின்றன என்று அளக்கச் சொல்லி, மேலிருந்து ஒரு தேர்வும் விடைக்குறிப்பும் வந்தன. ஒவ்வொரு தாளையும் இரண்டு பேர் திருத்த வேண்டும். இருவருக்கும் ஒத்துப்போகாவிட்டால் குறைந்த மதிப்பெண்தான் செல்லும். முதலில் வருகிற பிள்ளைக்குத் தில்லியில் ஐந்து நாள் முகாம்.

இன்னொரு திருத்துநர் மாகறலிலிருந்து பஸ்ஸில் வரும் கோதண்டம் சார். நல்ல மனிதர். விடைக்குறிப்பில் கமா இருந்தால் விடையிலும் கமாவைத் தேடுவார்.

வெளிநாட்டு விருந்தாளி

‘உங்கள் வீட்டுக்கு ஒரு வெளிநாட்டுப் பெண் வருகிறார். அவர் பண்பாட்டை அறிய முதலில் என்ன மூன்று கேள்விகள் கேட்பீர்கள்?’ உணவு, நம்பிக்கை, வணக்கம் சொல்லும் முறை என்று விடைக்குறிப்பு அழகாகச் சொன்னது. திலீப் எழுதியிருந்தது இது: ஒன்று, எந்த லாட்ஜ்? இரண்டு, எத்தனை நாள்? மூன்று, கூட கைடு இருக்கிறாரா?

அவன் அப்பா கோயில் வாசலில் ஆட்டோ ஓட்டுகிறார். திலீபைக் கூப்பிட்டு, “இதுல பண்பாடு எங்கடா இருக்கு?” என்று கேட்டேன். கொஞ்சமும் அசரவில்லை.

“இந்த மூணும் கேட்டா போதும் மிஸ், மீதிய அவங்களே சொல்லுவாங்க. போன வாரம் ஒரு பிரெஞ்சு அம்மா, கோயில்லேர்ந்து பஸ் ஸ்டாண்டு போறதுக்குள்ள டைவர்ஸ் கதை முழுக்கச் சொல்லிட்டாங்களாம்!”

மேல்நாடு, கீழ்நாடு

‘ஒரே நதியை இரண்டு நாடுகள் பங்கிட வேண்டும். சண்டையில்லாமல் தீர்க்க வழி கூறுக.’ ஒப்பந்தம், கூட்டுக் குழு என்று நாலு வரி எழுதினால் முழு மதிப்பெண். ஓரிக்கையிலிருந்து வருகிற சதீஷ் ஒரு பக்கம் எழுதியிருந்தான். எந்த நாடு எந்தப் பக்கம் ஸ்டம்ப் நட வேண்டும், பந்து முள்ளுக்குள் போனால் யார் எடுக்க வேண்டும் என்றெல்லாம் விவரமாக இருந்தது. படித்துவிட்டு ஸ்டாஃப் ரூமில் தனியாகச் சிரித்தேன். கோதண்டம் சார் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

“ஆத்தைப் பத்திக் கேட்டா தண்ணின்னு ஒரு வார்த்தைகூட இல்லையேடா?” என்று சதீஷிடம் கேட்டேன்.

“நான் பொறந்ததுலேர்ந்து பாலாத்துல கிரிக்கெட்தான் ஆடிக்கினு இருக்கேன் மிஸ். எப்பவாச்சும் தண்ணி வந்துட்டாதான் பிரச்சினை, பிட்ச் போயிடுது.”

காலி இடம்

‘வேற்றுமொழி, வேற்றுமதத்தினரோடு பழகிய அனுபவம் ஒன்றை எழுதுக.’ மல்லிகா அந்த இடத்தை வெள்ளையாக விட்டிருந்தாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வீட்டில் தெலுங்கு பேசுகிற பெண். பக்கத்தில் உட்காருபவள் ஷபானா. அவள் வீட்டில் உருது. நோன்புக் கஞ்சி நாட்களில் மல்லிகா தூக்கோடுதான் அலைவாள். இதையெல்லாம் சொல்லி, “எழுத உனக்கு அனுபவமே இல்லையா?” என்று கத்தினேன். அவள் பதிலைக் கேட்டதும் கோபம் போய், அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் காலி இடத்துக்கு மதிப்பெண் போட விடைக்குறிப்பில் வழியில்லை. மனசில்லாமல் பூஜ்யம் போட்டேன்.

“அது எப்படி மிஸ் அனுபவம்? அது ஷபானா வீடு மிஸ்!”

ஏழாவது கேள்வி

‘கருத்து வேறுபாடு உள்ள ஒருவரோடு சேர்ந்து ஒரு வேலையை முடிக்க வேண்டும். என்ன செய்வீர்கள்?’ விடைக்குறிப்பு: மனம் திறந்து பேசுவேன். மூன்று மதிப்பெண். நெசவுக் குடும்பத்துக் கோமதி எழுதியிருந்தாள்: ‘பேச மாட்டேன். எங்கள் அம்மாவும் அப்பாவும் சண்டை போட்டால் நாலு நாள் பேச மாட்டார்கள். ஆனால் கோர்வைப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். நெய்ய இரண்டு பேர் வேண்டும். அப்பா நூல் சுற்றிய நாடாக் கட்டையை விட்டதும் அம்மா கரை நாடாவைத் தள்ள வேண்டும். ஒருவர் நிறுத்தினால் மற்றவர் கை சும்மா நிற்கும். அதனால் பேசாமலே நெய்வார்கள். புடவை முடிவதற்குள் சண்டை போய்விடும். நடுவில் பேசினால் அதிகமாகும்.’

நான் மூன்று போட்டேன். கோதண்டம் சார் பூஜ்யம் போட்டார். அதுவரை திருத்திய தாள்களில், அந்த மூன்று கிடைத்தால் கோமதி முதல், கிடைக்காவிட்டால் மூன்றாவது. தில்லியில் குளிருமா, ஸ்வெட்டரை யாரிடம் இரவல் வாங்கலாம் என்று அவள் ஒரு மாதமாக வகுப்பையே அரித்துக்கொண்டிருந்தாள்.

“தறியில உட்கார்ந்து பாத்திருக்கீங்களா சார்?” என்றேன். “நாங்க ஏர் பிடிச்ச குடும்பம் டீச்சர்” என்றார். “அப்போ அந்த விடைக்குறிப்பையே தில்லிக்கு அனுப்பிடுங்க!” என்று நான் போட்ட சத்தத்தில் ஹெட்மாஸ்டர் அறைக் கதவு சாத்திக்கொண்டது. கோதண்டம் சார் முகம் சிவந்துவிட்டது.

“பேசுவேன்னு இருந்தா மூணு, பேச மாட்டேன்னு இருந்தா முட்டை. இதுக்கு மேல உங்ககிட்ட எனக்குப் பேச்சு கிடையாது டீச்சர்.”

பேச்சில்லாத மத்தியானம்

பிற பண்பாட்டுப் புரிதலை அளக்க வந்த இரண்டு பேர், ஒரே மேசையில் எதிரெதிரே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பாதிக் கட்டு பாக்கி. மாலைக்குள் அனுப்பியாக வேண்டும். நான் ஒரு தாளைத் திருத்தி அவர் பக்கம் தள்ளினேன். அவர் திருத்தி, கையெழுத்துப் போட்டு அடுக்கினார். நான் அடுத்ததைத் தள்ளினேன். நான் தாமதித்தால் அவர் பேனா அந்தரத்தில் நின்றது. அவர் தாமதித்தால் என் கை நின்றது. டீ வந்தது. நான் குடிக்கிற சர்க்கரை போடாத டம்ளரை அவரே என் பக்கம் நகர்த்தினார், முகத்தைப் பார்க்காமல். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கினேன். நாலு மணிக்குக் கட்டு முடிந்தே போனது!

கோதண்டம் சார் அடுக்கிய தாள்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். டீ டம்ளரைப் பார்த்தார். பிறகு கட்டுக்கு அடியிலிருந்து கோமதியின் தாளை உருவி, பூஜ்யத்தை அடித்து, மூன்று போட்டு, பக்கத்தில் கையெழுத்தும் போட்டார். நான் குதிக்காத குறைதான். அன்றைய சண்டைக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தைகள் இவை:

“நடுவுல ஒரு வார்த்தை பேசியிருந்தோம்னா, இன்னும் முதல் தாள்லயே நின்னுக்கினு இருந்திருப்போம் டீச்சர்.”

கோமதி இரவல் ஸ்வெட்டரோடு தில்லிக்குப் போய்விட்டு வந்துவிட்டாள். அந்த மத்தியானத்துக்கு எங்கள் இருவருக்கும் எத்தனை மதிப்பெண் போடுவாய் என்று அவளிடம் கேட்கும் தைரியம் மட்டும் எனக்கு இன்னும் வரவில்லை.