எந்த இடத்துச் சரக்கு?

போன புதன்கிழமை காலை, கார் புதுவாயலைத் தாண்டும்போது எனக்கு வியர்க்க ஆரம்பித்தது. ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

காரணம் – மடியில் இருந்த ஒயின் பாட்டில்.

நான் கும்மிடிப்பூண்டி பைப் கம்பெனி ஒன்றில் குப்பை கொட்டுகிறவன். அன்று பிரான்சிலிருந்து ஒரு கஸ்டமர் வருகிறார். ஆர்டர் கிடைத்தால் மூன்றாவது ஷிஃப்ட் ஓடும். இல்லாவிட்டால் கான்ட்ராக்ட் ஆட்கள் நாற்பது பேர் வீட்டுக்கு. அவர் ஒயினுக்குப் பேர்போன பர்கண்டி வட்டாரத்துக்காரராம், அந்த ஊர் ஒயினையே கொடுத்து அசத்த வேண்டும் என்று எம்.டி. பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார். வெளிநாட்டிலிருந்து வந்த மைத்துனரிடம் சொல்லி வாங்கினேன். சிவப்பு ஒயின். லேபிளில் பர்கண்டி என்று கொட்டை எழுத்து. வேறென்ன வேண்டும்?

பிரவுசிங் சென்டரில் எடுத்த பிரின்ட்-அவுட்டைக் காரில்தான் பிரித்தேன். அந்த ஊர் ஒயினில் நாலு படியாம். வட்டாரத்தின் பெயர் மட்டும் இருந்தால் கடைசிப் படி. கிராமத்தின் பெயர் இருந்தால் அடுத்தது. அதற்கும் மேலே, கிராமத்தில் பொறுக்கியெடுத்த தோட்டங்கள் – ப்ரீமியே க்ரூ. உச்சியில் க்ராண்ட் க்ரூ... அதற்குத் தோட்டத்தின் பெயர் ஒன்றே போதும்.

என் பாட்டிலில்? வட்டாரம் மட்டும். கடைசிப் படி!

டிரைவர் யூசுப் பாய், பழவேற்காட்டுக்காரர், என் முகத்தைப் பார்த்து விசாரித்தார். சொன்னேன். ஒயினைத் தொட்டே அறியாத மனிதர், சட்டென்று பிடித்துக்கொண்டார்.

“எங்க ஊர் எறா மேட்டருதான் சார் இது. கடல் எறான்னா ஒரு வெல. பழவேற்காடு எறான்னா வேற வெல. ஏரில எந்த எடத்துல புடிச்சதுன்னு சொல்லிட்டா, அதுக்கும் மேல.”

பாட்டிலின் லேபிளை உள்பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டேன்.

கம்பெனியில் பாட்டிலைக் கொடுத்ததும், பிரெஞ்சுக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு லேபிளைப் படித்தார். பிறகு சிரித்தார். அவர் அப்பாவின் தோட்டத்து ஒயினும் இதே படிதானாம். ரோட்டுக்கு மேல்புறம் இருப்பவர்களுக்குக் கிராமத்தின் பெயர். கீழ்ப்புறம் இருக்கும் அவர்களுக்கு வட்டாரப் பெயர்தான். வீட்டில் தினமும் குடிப்பது இதைத்தானாம்.

அப்பாடா என்று உட்கார்ந்தேன். மனுஷன் அதே கண்ணாடியோடு எங்கள் பைப்பின் டெஸ்ட் சர்டிபிகேட்டை எடுத்தார். கம்பெனி பெயரைப் பார்க்கவே இல்லை. அடியில் பொடி எழுத்தில் இருந்த ஹீட் நம்பரில் விரலை வைத்தார் – உலையில் எந்தத் தடவை உருக்கி வார்த்த இரும்பு என்று சொல்லும் எண். அந்த எண் பொறித்த பைப்பைக் காட்டச் சொன்னார்.

யார்டில் நூற்றுக்கணக்கில் பைப். வெயிலில் ஆளாளுக்குக் குனிந்து தேடினோம். எண் பொருந்தாவிட்டால்? நாற்பது பேரின் முகமும் கண்முன் வந்து போனது. கடைசி அடுக்கில் கிடைத்தது. ஒவ்வொரு இலக்கமாகச் சரிபார்த்தார். பொருந்தியது. ஆர்டரில் கையெழுத்துப் போட்டார்.

திரும்பும்போது யூசுப் பாயிடம் புலம்பினேன், இப்படியா ஒரு மனுஷன் துருவுவான் என்று.

“சும்மா பாக்க வர்றவன் வெலய கேப்பான் சார். எந்த எடம்னு கேக்கறவன்தான் வாங்குவான்.”