ஐஸ் மேல் அண்ணை கட்டிய வீடு

எங்கள் அண்ணையின் பிறப்பிடம் சுன்னாகம். வதிவிடம் ரொறன்ரோவின் மல்வேர்ன். மாரிகால வதிவிடம், அப்போது உறைந்து கிடக்கும் சிம்கோ ஏரி. மூன்றாவதை மரண அறிவித்தலில் போடவேண்டாம் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். ஆகவே இங்கே போடுகிறேன்.

ஐந்து பிள்ளைகளில் மூத்தவர் அண்ணை. ஐயா வேளைக்கே காலமானதால் படிப்பை விட்டுத் தச்சுவேலைக்குப் போனார். பிறகு நாட்டை விட்டு வெளிக்கிட்டு, பல நாடுகளில் காத்துக் கிடந்து, ரொறன்ரோ வந்து, யன்னல் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் கடைசிவரை வேலை செய்தார். எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். நான் வந்திறங்கியபோது எனக்காக ஒரு சோடி மாரிச் சப்பாத்தும் ஒரு வேலையும் தயாராக இருந்தன. சப்பாத்து மட்டும் நிலைத்தது.

எங்களுக்கெல்லாம் செய்து முடித்துவிட்டு அவர் தனக்கொரு வீடு பார்க்க வெளிக்கிட்டபோது, வீட்டு விலை எப்போதும் அவருக்கு ஒரு பஸ் முன்னால் போய்க்கொண்டிருந்தது. வாடகை வீட்டிலேயே இருந்தார். அப்படியிருக்க, வேலைத்தலத்து நண்பர் ஒருவரோடு ஒருநாள் உறைந்த ஏரியில் ஐஸைத் துளைத்து மீன்பிடிக்கப் போய்வந்தவர், "உங்கை காணி சும்மா கிடக்கு" என்றார். உண்மைதான். வாடகையில்லை, வங்கிக் கடனில்லை. பங்குனியில் காணி உருகிவிடும், அது ஒன்றுதான் குறை.

படகு ஏற்றி இழுக்கும் பழைய வண்டி ஒன்றின் இரும்புச் சட்டத்தை மலிவாக வாங்கினார். அதன்மேல் மெல்லிய பிளைவூட் சுவர், சுவருக்குள் குளிர் தடுக்கத் தொழிற்சாலையில் எறிந்த நுரைத்தகடு. கைபிடியைச் சுற்றினால் சில்லு மேலே ஏறி வீடு ஐஸில் குந்தும். எதிர்ப்பக்கம் சுற்றினால் எழும்பிச் சில்லில் நிற்கும். உள்ளே இரண்டு கதிரை, தரையில் தூண்டில் விட இரண்டு ஓட்டை, ஒரு ஹீற்றர், காற்றுப் போக ஒரு துவாரம். தன்னுடைய பழைய வான் இழுக்கும் பாரம் எவ்வளவோ அவ்வளவுதான் வீடு. ஒவ்வொரு பலகையையும் கையில் தூக்கிப் பார்த்து, யோசித்து, பிறகுதான் பூட்டுவார். பாரம் என்பது அவருக்கு ஒரு பயம்.

வீடு கட்டுகிறார் என்று கேள்விப்பட்டால் எங்கள் சனம் சும்மா இருக்குமா?

பிக்கரிங்கில் இருக்கும் மாமா வந்து கதவைத் தட்டிப் பார்த்தார். "என்ன தம்பி, கோழிக்கூட்டுக் கதவு மாதிரிக் கிடக்கு? என்ரை வீட்டிலை கழட்டின ஓக் மரக் கதவு சும்மா நிக்குது."

"அதுக்கென்ன மாமா, போடுவம்" என்றார் அண்ணை.

ரெக்ஸ்டேல் சித்தி, "சாமித்தட்டு இல்லாத வீட்டிலை எப்பிடி ராசா இருப்பாய்?" என்று கேட்டு, கண்ணாடி போட்ட படங்களும் பித்தளைக் குத்துவிளக்கும் கொண்டுவந்தா. வேறொருவர் நிலவறையில் கிடந்த சோபாவைத் தந்தார். நான் மட்டும் என்ன குறைந்தவனா? மீன் கடிக்கும்வரை வாசிக்கலாம் என்று புத்தக அலுமாரி ஒன்றும், அது நிறையப் பழந்தமிழ் உரைநூல்களும் கொடுத்தேன். இலக்கியத்தின் கனம் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

யாருக்கும் அண்ணை மறுத்துப் பேசவில்லை. அது அவருடைய பெருங்குணம். வானால் இழுக்க முடியாமல் போனது. ஒரு பிக்கப் லொறி இரவல் வாங்கினார். வீட்டை ஏரியில் நிறுத்திப் பால் காய்ச்சியபோது நாங்கள் எல்லோரும் உள்ளே நெருக்கி நின்றோம். கீழே எங்கேயோ ஐஸ் 'டொம்' என்றது. "சத்தம் போட்டால் ஐஸ் நல்ல பலமாம்" என்று அண்ணை சிரித்தார். பிறகு எங்கள் தலைகளை எண்ணத் தொடங்கினார். வந்தவர்களைப் போகச் சொல்ல அவருக்கு வாய் வராது. அண்ணி இருக்க இடமில்லாமல் வெளியே நின்று தேத்தண்ணி ஊற்றினா. அந்த வீட்டில் அண்ணை நிம்மதியாக மீனைப் பார்த்து நான் காணவில்லை. ஐஸைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

இந்த மாசி முடிவில், வேலையால் வந்து சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்தவர் எழும்பவில்லை. நெஞ்சுவலி என்றுகூடச் சொல்லவில்லை. எங்களுக்குச் சிரமம் என்று நினைத்திருப்பார்.

செத்தவீட்டு அமளியில் ஏரியில் நின்ற வீட்டை எல்லோரும் மறந்துபோனோம். பிறகு மழை பெய்தது. மரக்கறிச் சாப்பாட்டின் நடுவில் அண்ணையின் மகள் கைபேசியைப் பார்த்துக்கொண்டே, "சித்தப்பா, இந்த வீக் முழுக்க வெதர் பிளஸ்ஸிலைதான் இருக்காம், ஐஸ் உருகிடும். ஏரியிலை நிக்கிற அப்பாவின்ரை ஹட்?" என்றாள். நான் மாமாவைப் பார்த்தேன்.

மாமா, "துடக்கு வீடு, வெளிக்கிடக் கூடாது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியட்டும், பாப்பம்" என்றார்.

"அதுவரைக்கும் ஐஸ் பாத்துக்கொண்டு நிக்குமோ?" என்றா, அன்றுவரை யாரோடும் அதிகம் பேசாத அண்ணி. "அது அவரின்ரை வீடு. வேறை வீடு அவருக்கு இல்லை. அதைத் தண்ணிக்குள்ளை விடேலாது."

அதன்பிறகு எவரும் துடக்கைப் பற்றிக் கதைக்கவில்லை.

கரையில் போய் நின்றபோது ஏரி சாம்பல் நிறமாக இருந்தது. ஐஸ்மேல் தண்ணீர் தேங்கி நின்றது. பிக்கப் போகமுடியாது. பக்கத்து மீன்பிடிக் குடிலின் வெள்ளைக்காரர் பனியில் ஓடும் தன்னுடைய ஸ்னோமொபில் வண்டியோடு வந்து, ஐஸில் துளையிட்டுப் பார்த்து, சரிவராது என்று தலையை ஆட்டினார்.

"ஆக்கள் ஒவ்வொருத்தரா நடக்கலாமாம். வீடு சரியான பாரமாம். பாதியாக் குறைச்சால் இழுத்துப் பாக்கிறாராம்" என்றாள் மகள்.

"பாதியோ? வீட்டைப் பிளக்கிறதோ?" என்றார் மாமா.

அண்ணி கரையில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு முதலாவதாக இறங்கினா. நாங்கள் பின்னால், இடைவெளி விட்டு, வரிசையாகப் போனோம். சுடலைக்குப் போனபோதுகூட நாங்கள் இவ்வளவு ஒழுங்காக நடக்கவில்லை.

உள்ளே கதவோரம் ஒரு திருப்புளி தொங்கியது. அண்ணி அதை எடுத்துச் சாமித்தட்டின் திருகாணிகளைக் கழற்றத் தொடங்கினா. அப்போதுதான் கவனித்தேன். அண்ணை தானாகச் செய்த சுவர், தரை, கூரை எல்லாம் ஆணியும் பசையும். நாங்கள் கொடுத்த கதவு, சோபா, தட்டு, அலுமாரி எல்லாம் திருகாணி. எல்லாவற்றுக்கும் அந்த ஒரே திருப்புளி பொருந்தியது.

"ஒருநாள் கழட்டத்தான் வேணும் எண்டு சொன்னவர்" என்றா அண்ணி. "ஆரிட்டையும் சொல்லிப்போடாதை, மனம் நோவினம் எண்டவர்."

மாமா, கழற்றிய கதவின் ஒரு பக்கத்தைத் தோளில் ஏற்றினார்.

அவரவர் கொடுத்ததை அவரவர் கரைக்குச் சுமந்தோம். நீந்தத் தெரியாத நான் உரைநூல்களோடு நடந்தேன். காலடியில் ஐஸ் சத்தமே போடவில்லை. அதுதான் எனக்குப் பெரிய பயம். கடைசியாக வெறும் வீட்டை அந்த மனிதர் இழுத்தார். கரைக்குக் கிட்ட ஒரு சில்லு புதைந்தது. அண்ணி கண்ணை மூடிக்கொண்டா. எல்லோருமாகக் கயிற்றைப் பிடித்தோம். வந்தது.

மூன்றாம் நாள் அந்த இடத்தில் தண்ணீர்.

துயரத்தில் வந்து நின்றவர்களுக்கும், சமைத்துத் தந்தவர்களுக்கும், தேவாரம் பாடியவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கதவு சுமந்த மாமாவுக்கு, விளக்குச் சுமந்த சித்திக்கு, சோபாவோடு சறுக்கி விழுந்தும் அதை விடாதவருக்கு, பெயர்கூடச் சொல்லாமல் போன அந்தப் பக்கத்துக் குடில்காரருக்கு நன்றி.

வீடு இப்போது மல்வேர்னில், வான் நிறுத்தும் இடத்தில் நிற்கிறது. உள்ளே இரண்டு கதிரைகள். அடுத்த மாரிக்கு அண்ணியும் மகளும் கொண்டுபோகப் போகிறார்களாம். நீங்கள் கட்டாயம் வந்து பாருங்கள். ஒவ்வொருவராக வாருங்கள். ஒன்றும் கொண்டுவர வேண்டாம்.