கடைசி வரிசைக்குக் கேட்கும்படி

சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் ‘மியாவ்’ என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தப் பெயரை வைத்த புண்ணியவான் சூப்பர்வைசர். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அவர் ஏதோ கேட்டார், இவள் பதில் சொன்னாள். அவர் காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு, “எங்கேம்மா பூனைக்குட்டி கத்துது?” என்று மேஜைக்கு அடியிலெல்லாம் குனிந்து பார்த்தார். முப்பது பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பத்தொன்பது வயதில் அப்படி ஒரு சிரிப்பு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டால் லேசில் இறங்காது.

ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருந்தது அந்தக் கூடம். நாளொன்றுக்கு இரண்டாயிரம் படுக்கை விரிப்புகள் வரும். பிழிந்து வந்த விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, கொதிக்கக் கொதிக்கச் சுழலும் இரண்டு உருளைகளுக்கு நடுவே விட வேண்டும். அந்தப் பக்கம் மொடமொடவென்று வந்து விழும். ஒரு முனையில் இவள், மறுமுனையில் அக்கா. பெற்றவர்கள் இரண்டு பேரும் போன பிறகு இவளுக்கு அக்காதான் எல்லாம். அக்காவுக்கு வாய் நீளம். தங்கைக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். அதுதான் தங்கையைக் கெடுத்தது என்று ஒரு நாள் அவளுக்கே உறைத்தது.

“நாளைக்கே நான் போய்ச் சேர்ந்துட்டா, கடையில ஒரு சோப்பு கேட்டு வாங்க உன்னால முடியுமாடி?” என்று கேட்டாள். தங்கையால் அதற்கும் வாய் திறக்க முடியவில்லை.

நூலக வாசலில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. இளைஞர் தலைமைப் பயிற்சி, பதினாறு சனிக்கிழமைகள், இலவசம். இலவசம் என்ற சொல்லைப் பார்த்ததுதான் தாமதம், அக்கா உள்ளே போய்த் தங்கையின் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

சுவரில் நாலு பொன்மொழியை ஒட்டி, கையில் ஒரு பேனாவைத் திணித்து அனுப்பிவிடும் பயிற்சிகள் ஊருக்குப் பத்து உண்டு. இது அந்த ரகமில்லை. நூலக மாடியில் நடத்திய மேடம் ஒல்லியாக, கறாராக, கையில் ஒரு சின்ன மணியோடு நிற்பார். காலை ஊன்றி நில். கடைசி வரிசையில் இருப்பவரைப் பார்த்து, அவருக்குக் கேட்கும்படி பேசு. உன் பக்கத்துத் தப்பை முதலில் சொல்லிவிடு, அப்புறம் நீ சொல்வதையெல்லாம் நம்புவார்கள். இரண்டு நிமிடத்தில் மணி அடிக்கும். அடித்தாலும் சரி, யாராவது நன்றி என்றாலும் சரி, பாதிப் பேச்சானாலும் உட்கார்ந்துவிட வேண்டும்.

“கொடுத்த நேரத்தை மதிக்கிறவங்களைத்தான் மறுபடியும் கூப்பிடுவாங்க” என்பார் மேடம்.

முதல் நாலு வாரம் அவள் எழுந்து நின்று அழுதாள். யாரும் சிரிக்கவில்லை. ஐந்தாவது வாரம் நாலு வாக்கியம் வந்தது. வீட்டில் அக்கா விடுவாளா? அவர்கள் குடியிருந்த கட்டடத்தின் நீண்ட நடையில் ஒரு கோடியில் இவளை நிறுத்திவிட்டு, மறுகோடியில் வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்துகொள்வாள். “கேக்கல!” என்று கத்துவாள். மறுபடியும் “கேக்கல!” அண்டை அயலார் கதவைத் திறந்து திட்டுவார்கள், அக்கா அவர்களுக்கும் சேர்த்துக் கொடுப்பாள். பத்தாவது வாரம் ஒரு மாலை, அக்கா “கேக்கல” என்று கத்தாமல் வாளியிலிருந்து எழுந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

அடுத்த வாரம் தங்கை சூப்பர்வைசர் முன்னால் காலை ஊன்றி நின்று, கிழிந்த கையுறைகளை மாற்றித் தரச் சொன்னாள். அவர் எடுத்துக் கொடுத்தார். அதன் பிறகு அந்தக் கூடத்தில் பூனைக்குட்டிப் பேச்சே எழவில்லை. பிறந்ததிலிருந்து அவள் அத்தனை சந்தோஷமாக இருந்ததில்லை.

பதினான்காவது சனிக்கிழமை முடிந்து மூன்றாம் நாள் காலை அக்காவின் இடது கை உருளைகளுக்குள் போனது.

உருளைகளுக்கு முன்னால் ஒரு காப்புக் கம்பி உண்டு. விரல் பட்டால் மெஷின் நின்றுவிடும். சுருங்கிய விரிப்பு பட்டாலும் நின்றுவிடும், அதுதான் தொல்லை. வேலை தேங்குகிறது என்று சூப்பர்வைசர் அதைத் தூக்கிக் கட்டச் சொல்லியிருந்தார். பழைய விரிப்பைக் கிழித்துக் கட்டிவிட்டுத்தான் எல்லோரும் ஓட்டினார்கள். அன்றைக்கும் கட்டியிருந்தது. மெஷினை நிறுத்துவதற்குள் கை மணிக்கட்டு வரை வெந்துவிட்டது.

விசாரணைக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். தொழிலாளி தானாகக் கட்டியிருந்தால் வேலை போகும், கைக்கு நடக்கிற வைத்தியமும் நின்றுவிடும். மேலிருப்பவர் சொல்லிக் கட்டியிருந்தால் வைத்தியம் தொடரும், விரிப்பு மடிக்கிற மேஜையில் ஓர் இடமும் கிடைக்கும். தனக்கு எதுவுமே தெரியாது என்று சூப்பர்வைசர் சாதித்தார். மற்ற பெண்களும் தெரியாது என்றே சொல்லிவிட்டுப் போனார்கள். அவரவர் பிழைப்பு அவரவருக்கு. மிச்சமிருந்த ஒரே சாட்சி தங்கை.

“சூப்பர்வைசர்தான் கட்டச் சொன்னார்னு சொல்லு. அது போதும்” என்றாள் அக்கா, அறைக்கு வெளியே பெஞ்சில், கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு.

தங்கை உள்ளே போனாள். கால்கள் தாமாகவே ஊன்றிக்கொண்டன. நீள மேஜையின் கடைசியில் தட்டச்சு செய்துகொண்டிருந்த குமாஸ்தாவைப் பார்த்தாள். அவருக்குக் கேட்கும்படி தொடங்கினாள்.

“கம்பியைக் கட்டினது எங்க அக்காதான் சார். தினமும் காலையில அவதான் கட்டுவா. துணியைக் கிழிச்சுக் கொடுக்கிறது நான். அது எங்க தப்பு, ஒத்துக்கறேன்.”

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். காலையிலிருந்து முனகலும் மழுப்பலுமாகக் கேட்டுச் சலித்தவர் அவர். குமாஸ்தாவின் விரல்கள் ஓடி ஓய்ந்தன.

“ரொம்பத் தெளிவா சொன்னேம்மா. நன்றி” என்றார்.

அவள் உட்கார்ந்துவிட்டாள்.

பதினான்கு சனிக்கிழமைப் பழக்கம், முழங்கால் தானாக மடங்கியது. உட்கார்ந்த பிறகுதான் மீதிப் பாதி இன்னும் வாயிலேயே இருப்பது தெரிந்தது. பதறி எழுந்தாள்.

“சார், இன்னும் இருக்கு. கட்டச் சொன்னதே சூப்பர்வைசர்தான். கட்டலேன்னா வேலைக்கு வர வேண்டாம்னு சொன்னாரு!”

“பாருங்க சார்,” என்றார் பக்கத்து நாற்காலியில் இருந்த சூப்பர்வைசர், சாந்தமாக. “முதல்ல உண்மை வந்துடுச்சு. இப்ப கூடப்பொறந்த பாசம் பேசுது.”

“முதல்ல சொன்னதைத்தாம்மா எடுத்துக்க முடியும்” என்று அதிகாரி பேனாவை மூடினார்.

அவள் விடவில்லை. நாளையும் நேரத்தையும் சொன்னாள், சூப்பர்வைசர் சொன்ன வார்த்தைகளை அப்படியே சொன்னாள். குரல் ஒரு தடவைகூடத் தடுக்கவில்லை. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. குமாஸ்தா தாள்களை அடுக்கி ஊசி குத்திக்கொண்டிருந்தார்.

வெளியே வந்தபோது கதவு பாதி திறந்தே இருந்ததைக் கவனித்தாள். அக்கா பெஞ்சிலிருந்து எழுந்து நின்றாள்.

“அக்கா...”

“கேட்டுச்சுடி” என்றாள் அக்கா. “இங்க வரைக்கும் நல்லா கேட்டுச்சு. ஒரு வார்த்தை விடல.”

வெள்ளிக்கிழமை அக்காவுக்கு வேலைநீக்கக் கடிதம் வந்தது. மறுநாள் சனிக்கிழமை, அவள் நூலகப் பக்கம் போகவில்லை. அக்காவைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனாள். பஞ்சு, கட்டுத்துணி, ஒரு சோப்பு என்று கேட்டாள். கடையில் ஏகப்பட்ட கூட்டம், ஆனாலும் கடைக்காரர் என்ன என்று மறுபடி கேட்கவில்லை. அவளுக்குப் பின்னால் அக்கா வாயே திறக்காமல் நின்றிருந்தாள்.